கடலை உள்ளே வாங்கும் கப்பல்

கப்பலுக்குள் கடல்நீர் புகுவதைப் போன்ற பேராபத்து மாலுமிக்கு வேறில்லை. ஆயினும், தன் பின்புறக் கதவைத் தானே திறந்து கடலை உள்ளே வரவழைப்பதையே தொழிலாகக் கொண்ட கப்பல் ஒன்று நம் கடற்படையில் இருக்கிறது. ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்பது அதன் பெயர். ஜலமும் அசுவமும் கூடிய இச்சொல்லை நீர்க்குதிரை என்று பெயர்க்கலாமெனினும், அது குறிப்பது நாம் நீர்யானை என்று அழைக்கும் பிராணியைத்தான். நீரும் நிலமும் இரண்டும் தனக்குரியவை என்று வாழும் விலங்கின் பெயர் இதற்கு மிகவும் பொருந்துகிறது.

துறைமுகமில்லாத கரையிலும் படைவீரரையும் டாங்கிகளையும் இறக்குவதே இதன் பணி. கப்பலின் பின்பாதியில் நீண்ட கூடம்போன்ற ஒரு தளமுண்டு. அதில் நான்கு தரையிறங்கு படகுகள் அடங்கும். கரையை நெருங்கியதும் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்புகிறார்கள். பின்பக்கம் மெல்லத் தாழ்கிறது. கனத்த கதவு இறங்குகிறது. அலை உள்ளே நுழைய, அதுவரை தரையில் கிடந்த படகுகள் மிதந்தெழுந்து, சுமந்த பாரத்தோடு வெளியே செல்கின்றன. பின்னர் தொட்டிநீரை வெளியேற்றினால் கப்பல் பழையபடி நிமிர்கிறது. எத்தனை எளிய தத்துவம், எத்தனை பெரிய சாதனம்!

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1966-இல் இதன் கட்டுமானம் தொடங்கிற்று. 1968-இல் நீரில் இறக்கப்பட்டு, 1971 மார்ச் 6 அன்று 'ட்ரென்டன்' என்ற பெயரோடு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 173 மீட்டர். முழுச் சுமையோடு 16,900 டன் எடை.

அதன் அமெரிக்க வாழ்வில் நான் விசேஷமாகக் கருதுவது 1991 ஜனவரிச் சம்பவமே. சோமாலியாவின் தலைநகரான மொகதிசுவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அமெரிக்கத் தூதரகம் சூழப்பட்டபோது, ட்ரென்டன் இன்னும் நெடுந்தூரத்தில் இருந்தது; எனினும், கப்பல் அணுகும் வரை காத்திருக்க நேரமில்லாமையால், நானூற்றுக்கும் மேற்பட்ட கடல்மைல் தொலைவிலிருந்தே இரண்டு ஹெலிகாப்டர்கள் இரவில் கிளம்பி, நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, தூதரகத்தைச் சென்றடைந்தன. உடன் வந்த குவாம் என்ற கப்பலின் ஹெலிகாப்டர்களும் பின்னர் சேர்ந்துகொள்ள, முப்பது தேசங்களைச் சேர்ந்த 281 பேர் மீட்கப்பட்டனர்.

2004 ஆழிப்பேரலையின்போது இத்தகைய கப்பலின் தேவையை நன்குணர்ந்த இந்தியா, ட்ரென்டனை விலைக்கு வாங்கி, 2007 ஜனவரி 17 அன்று பெற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஜூன் 22-இல் அமெரிக்காவின் நார்ஃபோக்கில் அது முறைப்படி இந்தியக் கடற்படைச் சேவையில் சேர்ந்தது. மறு ஆண்டிலேயே துயரமும் வந்தது. 2008 பிப்ரவரியில் கப்பலுக்குள் கசிந்த நச்சுவாயு ஆறு கடற்படையினரின் உயிரைக் குடித்தது. போரில் அல்லாமல் அன்றாடக் கடமையில் மாண்ட அவர்களை நினைக்காமல் இக்கப்பலின் சரித்திரத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.

2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது, அயல்நாடுகளில் சிக்கிய இந்தியரை மீட்கும் 'சமுத்திர சேது' என்னும் பணியில் ஜலாஷ்வா மாலத்தீவுக்குச் சென்றது. முதற்பயணத்தில் கொச்சிக்கு வந்த 698 பேரில் 19 பேர் கர்ப்பிணிகள். பிறகு கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் மக்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. கடைசியாக ஈரானின் பந்தர் அப்பாஸுக்குச் சென்றது. அங்கே அயலார் படகுகளில் மீன்பிடித் தொழில் செய்து, வேலையும் இழந்து, ஊர் திரும்ப வழியின்றிக் கிடந்தவர்களில் மிகுதியானோர் நம் கடற்கரை மீனவர். கடலையே பிழைப்பாகக் கொண்டு வளர்ந்த அம்மனிதர்கள் போர்க்கப்பலொன்றில் பிரயாணிகளாய் ஏறி, அரபிக்கடலைக் கடந்து, ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் கரையிறங்கினர். அன்று இறங்கியவர்கள் 687 பேர்.