பட்டன் பொய் சொல்லலாமா?



பஸ் டிக்கெட், கரண்ட் பில், கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாமே இன்று செல்போன் திரையில் முடிந்துவிடுகிறது. அந்தத் திரையை நம்மைப் போல் கம்ப்யூட்டர் படித்த ஒருவர்தான் வடிவமைக்கிறார். எந்த பட்டன் பெரிதாகத் தெரிய வேண்டும், எது மங்கலாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வதும் அவரே. அந்த முடிவிலேயே ஆளை ஏமாற்றிவிட முடியும். இதற்கு 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற இங்கிலாந்து வடிவமைப்பாளர் வைத்த பெயர் 'டார்க் பேட்டர்ன்'. தமிழில் ஏமாற்று வடிவமைப்பு எனலாம்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்?

1. கூடையில் நுழைப்பது: உதாரணத்துக்கு, டிக்கெட் 450 ரூபாய் என்று காட்டுவார்கள். பணம் கட்டும் இடத்தில் 466 ஆகியிருக்கும். இன்சூரன்ஸ் 15, நன்கொடை 1. நாம் கேட்காமலே டிக் விழுந்திருக்கும். ஹெச்.டி.எம்.எல்.-லில் செக்பாக்ஸ் வரியில் 'செக்ட்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். லட்சம் பேர் கவனிக்காமல் விட்டால் 16 லட்சம் ரூபாய்!

2. பொய் அவசரம்: "இன்னும் 10 நிமிடம்தான்" என்று கடிகாரம் ஓடும். பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். திரும்பவும் பத்திலிருந்தே ஆரம்பித்தால் அது சர்வரில் ஓடும் கணக்கு அல்ல, சும்மா பயமுறுத்தும் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட்.

3. வெட்கப்பட வைப்பது: இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால், "நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்" என்ற பட்டனைத்தான் அழுத்த வேண்டும்.

4. சந்தா வலை: சேருவது சுலபம், விலகுவது கஷ்டம். அமேசான் பிரைமை ரத்து செய்ய 4 பக்கம், 6 கிளிக் தாண்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர அந்த நிறுவனம் சம்மதித்தது.

யார் ஏமாறுகிறார்கள்?

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் ரீசார்ஜ் அவரே பண்ணுவார். பச்சை என்றால் 'சரி', சிவப்பு என்றால் 'வேண்டாம்'. நிறமும் இடமும்தான் அவருக்கு எழுத்து. ஒரு ஆப்பில் 49 ரூபாய் பாட்டுச் சந்தாவுக்குப் பெரிய பச்சை பட்டன் வைத்து, 'வேண்டாம்' என்பதை வெள்ளையில் சாம்பல் எழுத்தாக ஒளித்திருந்தார்கள். மூன்று மாதம் பணம் போனது. "நான் ஒண்ணும் கேக்கலியேப்பா" என்றார். உண்மைதான், அவர் கேட்கவே இல்லை.

தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டம் என்ன சொல்கிறது?

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. மேலே சொன்ன நான்கும் அதில் உண்டு. பச்சை பட்டன் வேலையும் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

நாம் செய்ய வேண்டியது

நம் புராஜெக்டிலேயே ஆரம்பிப்போம். டிக் பெட்டி காலியாக இருக்கட்டும். 'சரி'யும் 'வேண்டாம்' என்பதும் ஒரே அளவில் இருக்கட்டும். முழு விலையும் முதல் பக்கத்திலேயே தெரியட்டும். சேர எத்தனை கிளிக்கோ, விலகவும் அத்தனையே!

நாளை வேலைக்குப் போன இடத்தில், "அந்த டிக்கை ஆன் பண்ணி வைப்பா" என்று மேனேஜர் சொல்லக்கூடும். புதுசாய்ச் சேர்ந்தவன், வீட்டில் கடன், மறுத்துப் பேசுவது லேசு இல்லை. அப்போது, "சார், 2023 விதிப்படி இது கூடாது" என்று சொல்ல ஒரு காகிதமாவது நம் கையில் இருக்கிறது. அதை இப்போதே படித்து வைத்துக்கொள்வோம் நண்பர்களே!