பண்ணைக்கும் பயணத்திற்கும் ஒரே வாகனமா? பிக்கப் டிரக் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

புது தில்லி: இமாச்சலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் ஆப்பிள் பருவம் ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. அந்த நான்கு மாதங்களில் தியோக், நார்கண்டா வழியாகச் செல்லும் 5ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பழப்பெட்டிகளைச் சுமந்த வாகனங்களின் வரிசை ஓய்வதில்லை. மீதமுள்ள எட்டு மாதங்களில் அதே குடும்பங்களுக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், மருத்துவமனைக்கும் திருமணங்களுக்கும் சென்றுவரவும் ஒரு வாகனம் தேவைப்படுகிறது. இரண்டு வேலைகளையும் ஒன்றே செய்துவிடாதா என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது. குடகின் காப்பித் தோட்டக்காரருக்கும், பஞ்சாபின் கோதுமை விவசாயிக்கும், கட்டுமான ஒப்பந்ததாரருக்கும் இதே எண்ணம் உண்டு.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு விடை இருந்துவருகிறது. 1948இல் அறிமுகமான ஃபோர்டு எஃப் வரிசை, 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகமாக விற்பனையாகும் டிரக் என்ற இடத்தைத் தக்கவைத்துள்ளது. வார நாள்களில் வேலைத்தளத்திற்கும், வார இறுதியில் குடும்பத்துடன் வெளியூருக்கும் ஒரே வண்டி என்பது அங்கே இயல்பான வழக்கம். ஆனால் முழு அளவு பிக்கப் எனப்படும் அந்த வகை, இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. நான்கு கதவுகள் கொண்ட எஃப்-150 ஏறக்குறைய 5.9 மீட்டர் நீளமும், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. நம் நகரங்களின் கட்டட விதிகளில் பரவலாகக் காணப்படும் வாகன நிறுத்துமிட அளவு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும்தான்.

இந்திய வாங்குநருக்குக் கிடைப்பவை அதைவிட ஒரு படி சிறியவை. ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீ சிட்டியில் தயாராகும் இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016இல் அறிமுகமானது. டொயோட்டா ஹைலக்ஸ், 2022 மார்ச்சில் 33.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையுடன் வந்து, மறு ஆண்டே 30.40 லட்சமாகக் குறைக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே மூன்றரை லட்சம் ரூபாய் குறைக்கப்பட்டதே இந்த வகைக்கு நம் சந்தை எவ்வளவு தயக்கத்துடன் பணம் தருகிறது என்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டும் டீசலில் ஓடுபவை; ஐவர் அமரக்கூடியவை; 5.3 மீட்டரை ஒட்டிய நீளம் கொண்டவை. 5 மீட்டர் நிறுத்துமிடத்தில் இவற்றின் மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை வாங்கும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு சுமக்கும்?

பிக்கப் டிரக்கின் தோற்றம் அதன் சுமைத்திறனைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது. உயர்ந்த முகப்பு, பெரிய சக்கரங்கள், 204 குதிரைத்திறன் கொண்ட 2.8 லிட்டர் எஞ்சின் ஆகியவற்றைப் பார்ப்பவர், இது ஒரு சிறு லாரிக்கு நிகர் என்று முடிவு செய்துவிடுகிறார். எஞ்சினின் வலிமை இழுப்பதற்கு உதவும். எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சேசிஸ், அச்சு, ஸ்பிரிங், டயர், பிரேக் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த எல்லைதான் வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையாக உற்பத்தியாளரின் தகட்டில் பொறிக்கப்படுகிறது. அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய சுமை. பலரும் மறப்பது, அந்தச் சுமைக்குள் வண்டியில் அமரும் மனிதர்களும் அடக்கம் என்பதை.

விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பிக்கப்பின் மொத்த எடை எல்லை 2,900 கிலோ, வெற்று எடை 2,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 750 கிலோ. சராசரி 70 கிலோ எடையுள்ள ஐவர் அமர்ந்தால் 350 கிலோ போயிற்று. சரக்குத் தொட்டியின் மேல் மூடி, கூடுதல் கம்பிகள் எனப் பின்னர் பொருத்தியவை 50 கிலோ என்றால், எஞ்சுவது 350 கிலோ. இமாச்சலத்தில் 2024 பருவம் முதல் நடைமுறைக்கு வந்துள்ள சீர்மைப் பெட்டியில் ஏறத்தாழ 20 கிலோ பழம் அடங்கும். அட்டையையும் சேர்த்து 22 கிலோ எனக் கொண்டால், குடும்பத்துடன் செல்லும்போது ஏற்றக்கூடியவை 15 பெட்டிகள் மட்டுமே. ஓட்டுநர் மட்டும் சென்றால் 28 பெட்டிகள்.

இதன் அருகே ஒரு மகிந்திரா பொலேரோ பிக்கப்பை நிறுத்திப் பார்க்கலாம். அதன் பெரிய வகைக்கு நிறுவனம் அறிவிக்கும் ஏற்றுசுமை 1,700 கிலோ. அதே பெட்டிகளில் 77. ஆயிரம் பெட்டி அறுவடையைச் சந்தைக்குச் சேர்க்க, முன்னதற்கு 36 நடை, பின்னதற்கு 13 நடை. டாடா யோதா 2.0 இன்னும் ஒரு படி மேலே சென்று, 2022இல் 2,000 கிலோ ஏற்றுசுமையுடன் வந்தது. இந்த வண்டிகளின் விலையோ 10 லட்சம் ரூபாயை ஒட்டியது.

எடைக்கு முன்பே இடம் தீர்ந்துவிடுவதும் உண்டு. நான்கு கதவுப் பிக்கப்பின் பின்தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம் கொண்டது. ஒற்றை வரிசை இருக்கை கொண்ட சரக்குப் பிக்கப்பில் அது இரண்டரை மீட்டருக்கும் மேல். குழாய்கள், ஏணி, மூங்கில், கம்பி என நீளமானவற்றைக் கையாள்பவர்கள் தொட்டியின் உட்புறத்தை அளவு நாடா வைத்தே அளந்துவிடுவது நல்லது.

வெற்று வண்டியின் குதிப்பு

காரிலிருந்து பிக்கப்பிற்கு மாறுபவர்களின் முதல் புகார் பின்னிருக்கைப் பயணம் பற்றியதாகவே இருக்கும். காரணம் எளிது. பின் அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள் சுமையை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. சுமை இல்லாதபோது அவை போதிய அளவு வளைந்துகொடுப்பதில்லை. ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத்தண்டிற்கு எட்டுகிறது. முந்நூறு கிலோ ஏற்றிப் பாருங்கள், அதே வண்டி அடங்கி ஓடும். பின்னிருக்கையின் சாய்மானமும் காரில் உள்ளது போல் தாராளமாக இருக்காது. அதன் பின்னால் உடனே கேபினின் சுவர் நிற்கிறது. வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், அவர்கள் ஏறி இறங்க வேண்டிய உயரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மழையில் வேறொரு சிக்கல். வெற்றுத் தொட்டியுடன் பின்பகுதி எடை குறைந்து நிற்பதால், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும்போது ஈரச் சாலையில் வழுக்கும் வாய்ப்பு கூடுதல். அதற்காக உடனே நான்கு சக்கர இயக்கத்தை முடுக்கிவிடுவதும் சரியன்று. இவ்வகை வண்டிகளில் உள்ளது தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் அமைப்பு. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. திருப்பங்களில் முன்சக்கரங்கள் கூடுதல் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், சேற்றிலும் பனியிலும் சறுக்கித் தீரும் அந்த வேறுபாடு, காய்ந்த தார்ச்சாலையில் பல்சக்கரங்களின் மீது அழுத்தமாக ஏறுகிறது. நான்கு சக்கர இயக்கத்திற்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, ஆண்டில் பத்து நாள் கூட அதைப் பயன்படுத்தாதவர்கள் ஏராளம். பனி விழும் கோட்கட்டில் வசிப்பவருக்கு அது தேவை. நெடுஞ்சாலை ஓரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இரு சக்கர இயக்க வகையே போதும்.

வெள்ளைப் பலகையா, மஞ்சள் பலகையா?

இந்த வாகனங்களின் உண்மையான சிக்கல் பொறியியலில் இல்லை, பதிவுச் சான்றில் உள்ளது. இந்திய விதிகளில் ஓட்டுநரைத் தவிர்த்து எட்டுப் பேர் வரை அமரும் பயணியர் வாகனங்கள் எம்1 பிரிவிலும், 3.5 டன் மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வாகனங்கள் என்1 பிரிவிலும் வைக்கப்படுகின்றன. ஐந்து இருக்கைகளும் ஒரு தொட்டியும் கொண்ட வண்டி இரண்டிற்கும் நடுவே நிற்கிறது. அதனைத் தனிப்பயன்பாட்டு வாகனமாக வெள்ளைப் பலகையுடன் பதிவு செய்தால், பதிவு 15 ஆண்டுகள் செல்லும். போக்குவரத்து வாகனமாக மஞ்சள் பலகையுடன் பதிவு செய்தால், முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதன் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தப்படும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்திற்குப் பெர்மிட் தேவையில்லை என்பது ஒரு சலுகை.

இயல்பாகவே பலரும் வெள்ளைப் பலகையை விரும்புகின்றனர். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறை இங்கே கவனத்திற்குரியது. சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட வாகனம் மட்டுமன்றி, அவ்வாறு கட்டப்படாத வாகனமும் சரக்கு ஏற்றப் பயன்படுத்தப்படும்போது 'சரக்கு வாகனம்' ஆகிறது என்கிறது 2ஆவது பிரிவு. அண்டை வீட்டாரின் பெட்டிகளை வாடகைக்கு ஏற்றிச் செல்வது தெளிவான மீறல். சொந்தத் தோட்டத்துப் பழத்தைச் சந்தைக்கு எடுத்துச் செல்வதும் கேள்விக்கு உள்ளாகலாம். விபத்து நேர்ந்தால் அந்தக் கேள்வியை முதலில் எழுப்புவது காப்பீட்டு நிறுவனமாக இருக்கும். பதிவு நடைமுறை மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடுவதால், முன்பணம் கட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்பதே பாதுகாப்பு. விற்பனையாளரின் வாய்மொழி உறுதி வழக்காடு மன்றத்தில் செல்லாது.

உரிமம் பற்றிய குழப்பம் ஒன்று தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது.

தொட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வது நம் நாட்டில் அன்றாடக் காட்சி. அறுவடைக் காலத்தில் கூலித் தொழிலாளர்கள் பெட்டிகளின் மேல் அமர்ந்தே மலைச்சாலையில் பயணிக்கின்றனர். சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏற்றப்படும் பயணிக்கு இழப்பீடு வழங்கும் கட்டாயப் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்திற்கு இல்லை என ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அப்படியானால் இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் தலையில் விழும். அவரிடம் பணம் இல்லாவிட்டால் தொழிலாளியின் குடும்பம் வெறுங்கையுடன் நிற்கும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். வீறாப்புக்காக முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளும் சட்ட விரோதம் என 2017இலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவுறுத்திவிட்டது. ஆயினும் அவை இல்லாத பிக்கப்பைக் காண்பது அரிது.

பணத்தின் பக்கம்

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பயணியர் கார்களுக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறுவதற்குப் பொதுவாக இடமில்லை. சரக்கு வாகனங்களுக்கு அந்தத் தடை இல்லை. பதிவு பெற்ற ஒப்பந்ததாரருக்கு இது பெருந்தொகை. ஆனால் ஆப்பிள் விவசாயிக்கு இதனால் பயனில்லை. புதிய பழங்களுக்கு வரி விலக்கு இருப்பதால், ஈடுசெய்துகொள்ள அவருக்கு விற்பனை வரி என்ற ஒன்றே இல்லை.

30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 62,300 ரூபாய். சரக்கு ஏற்றும் வேலை ஆண்டில் நான்கு மாதங்கள் மட்டும் என்றாலும் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். அதே வட்டியில் 10 லட்சத்திற்குத் தவணை 20,800 ரூபாய்க்குள் அடங்குகிறது. ஒரு சரக்குப் பிக்கப்பும், அதனுடன் ஒரு நடுத்தரக் காரும் வாங்கினால் கூட, மொத்தத் தொகை ஓர் உயர்வகைப் பிக்கப்பின் விலையைத் தாண்டாமல் இருக்க வாய்ப்புண்டு. இரண்டு காப்பீடு, இரண்டு பராமரிப்பு, நிறுத்த இரண்டு இடம் என்ற செலவுகள் அதற்கு எதிர்ப்பக்கம். நிறைய சரக்கை அடிக்கடி ஏற்றுபவருக்கு இரண்டு வண்டிகளே கட்டுபடியாகும். கருவிகளையும் நான்கைந்து ஆட்களையும் சேர்த்துக் கரடுமுரடான தளங்களுக்கு அழைத்துச் செல்லும் பொறியாளர், நில அளவையாளர், சிறு ஒப்பந்ததாரர் போன்றோருக்குத்தான் நான்கு கதவுப் பிக்கப் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. அவர்கள் ஏற்றுவது எடையில் குறைவு, செல்லுமிடம் கடினம்.

இத்தனைக்குப் பிறகும் வாங்க முடிவு செய்தவர், ஷோரூம் வாசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதுடன் நிறுத்திக்கொள்ளக் கூடாது. வெற்று வண்டியாக ஒருமுறை, ஆறு சிமெண்டு மூட்டைகளை ஏற்றி ஒருமுறை என இரு தடவை ஓட்டக் கேட்க வேண்டும். மூட்டைக்கு 50 கிலோ வீதம் அது 300 கிலோ. பின்னிருக்கையில் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரை அமரச் செய்து, வீட்டுத் தெருவின் மிகக் குறுகிய திருப்பத்திற்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஹைலக்ஸ் முழுவதுமாகத் திரும்ப ஏறக்குறைய 13 மீட்டர் அகலம் தேவை.