காயம் தந்த பாடம்

மார்கழி, தை மாதங்களில் உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெண்மை பூத்துக் கிடக்கும். அக்காலையில் யோகப் பயிற்சி செய்வோர், சமவெளியினரைவிடக் கூடுதலான நேரம் உடலைச் சூடேற்றிக்கொள்ளுதல் வேண்டும். குளிர்ந்த தசை எளிதில் நீளாது. வலிந்து நீட்டினால் கிழியும். இதனை நாள்தோறும் எடுத்துரைக்கும் ஆசிரியரே ஒருநாள் காயமுற்றால் என் செய்வார்? தேயிலை பறிப்போர்க்கு விரல்கள் எப்படியோ, அப்படியே யோக ஆசிரியர்க்கு உடல் முழுவதும் தொழிற்கருவி. கருவி பழுதுற்றால் வருவாய் நிற்கும். தம் உடலையே காக்கத் தெரியாதவர் என்னும் பேச்சும் எழும்.

'காயம்' என்னும் சொல் உடலையும் குறிக்கும், புண்ணையும் குறிக்கும். இவ்விரு பொருளும் பி.கே.எஸ். ஐயங்காரின் வாழ்வில் இணைந்தே நின்றன.

உதகையிலிருந்து கூடலூர், முதுமலை வழியாக வடக்கே இறங்கும் சாலை மைசூரை அடைகிறது. அந்நகர அரண்மனையின் ஆதரவில் 1930களில் யோகசாலை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவருடைய மைத்துனரே ஐயங்கார். 1918இல் கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் பிறந்த அவர், மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்த உடலோடு அங்கு வந்து சேர்ந்தார். ஒருமுறை, விருந்தினர் முன்னிலையில் அனுமனாசனம் செய்து காட்டுமாறு குரு ஆணையிட்டார். இரு கால்களையும் முன்னும் பின்னுமாகத் தரையோடு தரையாக நீட்டும் கடினமான ஆசனம் அது. தாம் பயிலாத அவ்வாசனத்திலிருந்து தப்பக் கருதிய மாணவர், கால்சட்டை இறுக்கமாக உள்ளது என்றார். குருவோ கத்தரிக்கோல் கொண்டு அதனை வெட்டச் செய்தார். ஆசனம் நிறைவேறியது, பின்தொடைத் தசைகள் கிழிந்தன. நெடுங்காலம் அவரால் இயல்பாக நடக்க இயலவில்லை. குருவிடம் பணிவு வேண்டுவதே. ஆயினும், ஆயத்தமில்லாத உடலிடம் வித்தை கேட்பது கற்பித்தல் ஆகாது.

1937இல் புனே நகருக்குச் சென்று ஐயங்கார் ஆசிரியரானார். 1966இல் வெளிவந்த 'லைட் ஆன் யோகா' என்னும் நூல் அவரை உலகறியச் செய்தது. அறுபது வயதைக் கடந்த நிலையில், 1979இல், அடுத்தடுத்து இரண்டு ஸ்கூட்டர் விபத்துகளில் அவர் சிக்கினார். முதுகெலும்பு, தோள்கள், முழங்கால்கள் ஆகியன பாதிப்புற்றன. நூலில் படங்களாக நின்ற ஆசனங்களை அவர் உடலே செய்ய மறுத்தது. தொடக்கநிலை மாணவரைப் போல எளிய நிலைகளிலிருந்து மீண்டும் தொடங்கினார். மாணவர்க்கென வகுத்திருந்த நாற்காலி, மரக்கட்டை, கயிறு ஆகியவற்றின் துணையைத் தாமும் நாடினார். இழந்ததில் பெரும்பகுதியை மீட்க ஆண்டுகள் பல ஆயின.

இத்தாமதம் உடலின் இயல்பே. தசைக்குக் குருதியோட்டம் மிகுதியாதலின் அது விரைந்து ஆறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்குக் குருதியோட்டம் குறைவு. எனவே அது மெல்லவே ஆறும். வலி தணிந்ததும் புண் ஆறிற்று எனக் கருதிப் பழைய வேகத்திற்குத் திரும்புவோர், பெரும்பாலும் அதே இடத்தில் மறுபடியும் காயமுறுவர். மாணவர் கண்முன் செய்து காட்டியே பழகிய ஆசிரியர்க்கு இவ்விடர் மிகுதி. அத்தகைய நாள்களில், தேர்ந்த மாணவர் ஒருவரைச் செய்யச் சொல்லி, தாம் சொல்லால் நெறிப்படுத்துவது இழுக்கன்று. தம்மால் இயலாததை வகுப்பில் வெளிப்படக் கூறும் ஆசிரியரிடம், தம் வலியை மறைக்காமல் கூற மாணவரும் முன்வருவர்.

ஆணையிட்ட குருவுக்கும் அத்தகைய காலம் வந்தது. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார், தம் 96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிவுற்றார். அறுவை மருத்துவத்தை அவர் ஏற்கவில்லை. இஃது எல்லோரும் பின்பற்றத்தக்க முடிவன்று. எலும்பு முறிந்தால் மருத்துவரை நாடுவதே முறை. ஆனால் அடுத்து அவர் செய்தது கருதத்தக்கது. நூற்றுக்கணக்கான ஆசனங்களை அறிந்த அம்முதியவர், அவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, படுக்கையில் கிடந்தபடியே செய்யத்தக்க சில பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார். 1989இல் அவர் மறைந்தபோது அகவை 100.