80 மார்க் எடுத்தால் பெயில்! வீட்டு வாடகையில் ஒரு விசித்திரப் பரீட்சை

சென்னைக்குத் தெற்கு வாசல் தாம்பரம். தென் மாவட்ட ரயில்கள் இங்கே நிற்கின்றன. சற்றுத் தள்ளி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் இருக்கிறது. அது 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. மீனம்பாக்கம் விமான நிலையமும் அதிக தூரம் இல்லை.

இங்கே வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அல்ல. மகனைக் கல்லூரியில் சேர்க்க வருகிறார்கள். மகளின் பிரசவத்துக்கு வருகிறார்கள். நோயாளியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். தாம்பரம் சானட்டோரியத்தில் 1928-ல் காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. வைத்தியம் தேடி வெளியூர் மக்கள் வருவது அன்று முதல் இந்தப் பகுதிக்குப் பழக்கம். இப்போது குரோம்பேட்டையிலும் பெரும்பாக்கத்திலும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

ஓட்டலில் நாலு நாள் தங்கலாம். நாற்பது நாள் தங்க முடியுமா? கஞ்சி வைக்க அடுப்பு வேண்டும். துணி காயப்போட இடம் வேண்டும். இரவில் வலி வந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே, மாடிப் பகுதியையோ ஓர் அறையையோ நாள் வாடகைக்கு விடும் வீடுகள் பெருகிவிட்டன. தரகர் வேண்டாம். செல்போனிலேயே வீட்டைப் பார்க்கலாம், பணமும் கட்டலாம். இந்த ஏற்பாட்டை உலகம் முழுவதும் பரப்பிய கம்பெனி ‘ஏர்பிஎன்பி’.

காற்று மெத்தையில் பிறந்த கம்பெனி

2007 அக்டோபர் மாதம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம். பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரு வாலிபர்கள் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடினார்கள். அந்தச் சமயம் நகரில் ஒரு மாநாடு. ஓட்டல்களில் இடம் இல்லை. இருவரும் தங்கள் கூடத்தில் காற்று அடைத்த மெத்தைகளைப் போட்டு, காலைச் சிற்றுண்டியும் கொடுத்து, மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் இந்தியர்!

மறு ஆண்டு, 2008-ல், அது கம்பெனியாயிற்று.

முன்பின் தெரியாதவர் வீட்டில் எப்படி நம்பித் தங்குவது? அதற்குத்தான் நட்சத்திரம். தங்கியவர் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடுவார். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.

பட்டம் வாங்க நாலு நிபந்தனை

நல்ல பெயர் எடுத்த வீட்டுக்காரருக்கு ‘சூப்பர் ஹோஸ்ட்’ என்று ஒரு பட்டம் உண்டு. அதற்கு நாலு நிபந்தனை.

ஒன்று: ஓர் ஆண்டில் 10 முறையாவது ஆட்கள் வந்து தங்கியிருக்க வேண்டும். அல்லது மூன்றே முறை வந்தாலும் மொத்தம் 100 இரவுகள் தங்கியிருக்க வேண்டும்.

இரண்டு: 100-க்கு 90 விசாரிப்புகளுக்காவது 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று: வீட்டுக்காரராகவே முன்பதிவை ரத்து செய்வது 100-க்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பெருவெள்ளம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு.

நாலு: நட்சத்திரங்களின் சராசரி 4.8-க்குக் குறையக் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்ப்பார்கள். தேறினால் பட்டம், தவறினால் பறிபோகும். பட்டத்தைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. எனவே இது வெறும் அலங்காரம் அல்ல, பிழைப்பு!

மேலே இன்னொரு பட்டமா?

இப்போது ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. 4.8 வாங்கியவருக்கும் அதே பட்டம். முழுதாக 5 வாங்கியவருக்கும் அதே பட்டம். இது நியாயமா? உச்சத்தில் இருப்பவருக்கு இன்னொரு படி உயர்ந்த அந்தஸ்து கொடுக்க வேண்டாமா?

கேள்வி தவறு அல்ல. நடுராத்திரி ரயிலில் வருகிறவருக்காகக் கண் விழித்திருக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. நோயாளி மாடி ஏறக் கஷ்டப்படுகிறார் என்று தாங்கள் மாடிக்குப் போய், கீழ் அறையைக் கொடுப்பவர்களும் உண்டு. சிறப்பாகச் செய்தவர் தனிப் பெருமை கேட்பது இயல்புதான்.

கம்பெனியும் பல வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2018-ல் ‘பிளஸ்’ என்று ஓர் உயர்ந்த வரிசை தொடங்கியது. ஆட்கள் நேரில் வந்து நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களைச் சோதித்தார்கள். அந்த வரிசை இப்போது இல்லை. 2023 நவம்பரில் ‘விருந்தினர் விரும்பும் வீடு’ என்ற அடையாளம் வந்தது. 2024-ல் முதல் 10, 5, 1 சதவீதத்தில் உள்ள வீடுகளுக்குத் தனி முத்திரை வந்தது. இவை வீட்டுக்குக் கிடைக்கும் பெருமை. சூப்பர் ஹோஸ்ட் பட்டமோ ஆளுக்குக் கிடைப்பது. அந்த ஆளுக்கு மேலும் ஒரு படி வேண்டும் என்பதே கோரிக்கை.

நாலு நட்சத்திரம் செய்த பாவம்

இங்கேதான் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 100-க்கு 60 மார்க் வாங்கினால் கல்லூரியில் முதல் வகுப்பு. 80 வாங்கினால் வீட்டில் பாயசம்!

ஓட்டல்களிலும் அப்படியே. மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் நல்ல ஓட்டல் என்று பெயர்.

ஆனால் இந்தப் பரீட்சையில்? ஐந்துக்கு நாலு என்பது 100-க்கு 80. பட்டத்துக்குத் தேவையான 4.8 என்பது 100-க்கு 96! அதாவது, நாலு நட்சத்திரம் போடுவது வீட்டுக்காரரைக் கீழே இழுப்பதாகும்.

கிராமத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவருக்கு இது தெரியுமா? “நல்ல வீடு, நல்ல மனிதர்கள்” என்று மனதார வாழ்த்துகிறார். “ஐந்தும் கடவுளுக்குத்தான்” என்று சொல்லி நாலு போட்டுவிட்டு ஊருக்குப் போகிறார். அவர் வாழ்த்தினார், மார்க் அடித்தது!

பென்சிலை எடுங்கள்

பத்துப் பேர் தங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் 5 போட்டார்கள். இரண்டு பேர் 4 போட்டார்கள். சராசரி 4.8. பட்டம் உண்டு. இன்னும் ஒருவர் 5-க்குப் பதில் 4 போட்டிருந்தால்? சராசரி 4.7. பட்டம் போயிற்று!

ஒன்பது பேர் 5 போட்டு, ஒரே ஒரு கோபக்காரர் 1 போட்டால் சராசரி 4.6. அப்போதும் போயிற்று. அதே கோபக்காரர் நூறு பேரில் ஒருவராக இருந்தால் சராசரி 4.96. ஆபத்து இல்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் கணக்கைப் பாருங்கள். மூன்று குடும்பங்கள். ஒவ்வொன்றும் ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறது. மொத்தம் 100 இரவுகள். மூவருமே மார்க் போடுகிறார்கள். இரண்டு குடும்பங்கள் 5, ஒன்று 4. சராசரி 4.67. அவ்வளவுதான், பட்டம் இல்லை!

யாரிடம் சேவை அதிகம்? வாரக் கடைசியில் வரும் நூறு பேருக்குச் சாவி கொடுத்தவரிடமா? நோயாளியின் குடும்பத்தை நாற்பது நாள் வைத்துப் பார்த்துக்கொண்டவரிடமா? நட்சத்திரக் கணக்கு இதைச் சொல்லாது.

4.8-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் பல வீடுகளில் குணத்தின் வித்தியாசம் அல்ல. வந்தவர் எத்தனை பேர் என்ற வித்தியாசமே.

அரசாங்கம் வைத்த முறை

இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகத்திலும் வீட்டில் தங்க வைப்பதற்கு ஒரு திட்டம் உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கே குடியிருக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம். வீட்டை நேரில் பார்த்து, ‘வெள்ளி’ அல்லது ‘தங்கம்’ என்று தரம் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு நன்மை உண்டு. என்ன வசதி இருந்தால் தங்கம் என்று முன்கூட்டியே தெரியும். யாரோ ஒருவரின் கோபதாபத்தால் தங்கம் வெள்ளியாகிவிடாது. ஆனால் ஒரு குறையும் உண்டு. குளியலறையை அளந்து பார்க்கலாம். அன்பை அளந்து பார்க்க முடியுமா?

எது நியாயம்?

உயர்ந்த அந்தஸ்து கொடுப்பதில் தவறில்லை. ஆனால் 4.8-க்கு மேல் 4.9, அதற்கு மேல் 5 என்று ஏணி கட்டினால், சின்ன வீட்டுக்காரர்தான் முதலில் விழுவார். வாடகை விடுவதையே தொழிலாக வைத்துப் பல வீடுகள் நடத்துகிறவருக்கு ஒரு மார்க் குறைந்தால் கவலை இல்லை. மாடி வாடகையில் மகளின் படிப்புச் செலவைப் பார்க்கும் தாய்க்கு அது இடி. அவர் அதற்குப் பிறகு நோயாளிகளுக்கு இடம் தரவே தயங்குவார். துன்பத்தில் இருப்பவர் முகம் சுளித்து மார்க்கைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிடும். அப்போது நஷ்டம் யாருக்கு? இடம் தேடி வரும் ஏழை எளியவர்களுக்கே!

ஆகவே மேல்படி கொடுப்பதானால் வருஷத்தைப் பார்த்துக் கொடுக்கட்டும். பல ஆண்டுகள் பட்டத்தைக் காத்தவருக்குக் கொடுக்கட்டும். நீண்ட நாள் தங்க வைத்ததற்குத் தனி மதிப்பு இருக்கட்டும். அப்படிப் பெற்ற அந்தஸ்து ஒரு குறை மார்க்கினால் மூன்று மாதத்தில் பறிபோகாமல் இருக்கட்டும். இருபது ஆண்டு பாடம் சொன்ன ஆசிரியரை ஒரு மாணவன் பெயிலானதற்காக யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை.

தங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தண்ணீர் வரவில்லையா, விளக்கு எரியவில்லையா? அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். சரி செய்தாரா என்று பாருங்கள். சொன்னபடி எல்லாம் இருந்தால் ஐந்து போடத் தயங்காதீர்கள். ஏமாற்று இருந்தால், ஆபத்து இருந்தால், பயப்படாமல் குறைத்துப் போடுங்கள். எதற்குக் குறைத்தீர்கள் என்பதை இரண்டு வரி எழுதுங்கள்.

நட்சத்திரம் போடுவதற்கு ஒரு நொடி போதும். அதைச் சம்பாதிக்க ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் பாடுபடுகிறது.