வன்பொருள் ரெய்ட் கட்டுப்படுத்தி வழியாகத் தனி வன்தட்டுகளை அணுகுதல்

வழங்கிக் கணினிகளில் ரெய்ட் கட்டுப்படுத்தி அட்டையின் பின்னால் உள்ள வன்தட்டுகள் இயங்குதளத்திற்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாக இயங்குதளத்திலிருந்து காண்பதும், அவற்றின் உடல்நிலையை அறிவதும், தேவையெனில் நேரடியாகப் படித்து எழுதுவதும் தனி வன்தட்டு அணுக்கம் எனப்படும். பழுதடையும் தட்டை உரிய காலத்தில் கண்டறிவதற்கும், கட்டுப்படுத்தி செயலிழந்தால் தரவை மீட்பதற்கும் இது உதவுகிறது.

பின்னணி

பல மலிவான வன்தட்டுகளை இணைத்து ஒரே பெரிய, நம்பகமான தட்டாகப் பயன்படுத்தும் முறையே ரெய்ட் ஆகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் ஆகியோர் 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இம்முறையின் நிலைகளை வகைப்படுத்தியது.

ரெய்ட் பணியை இயங்குதளமே செய்தால் அது மென்பொருள் ரெய்ட் எனப்படும். தனிச் செயலியும் நினைவகமும் கொண்ட அட்டையொன்று செய்தால் அது வன்பொருள் ரெய்ட் எனப்படும். தற்போது பிராட்காம் வசமுள்ள மெகாரெய்ட், டெல் வழங்கிகளில் உள்ள பெர்க், எச்பி வழங்கிகளில் உள்ள ஸ்மார்ட் அரே ஆகியன இவ்வகை அட்டைகளுக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

கட்டுப்படுத்தி மறைப்பது என்ன?

ஒரு வழங்கியில் 2 டெராபைட் கொள்ளளவுள்ள 6 தட்டுகள் ரெய்ட் 5 நிலையில் இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ஒரு தட்டின் அளவு பாரிட்டி எனப்படும் சரிபார்ப்புத் தரவுக்குச் செல்வதால், எஞ்சுவது 10 டெராபைட் ஆகும். லினக்ஸ் இயங்குதளம் 6 தட்டுகளைக் காண்பதில்லை. எஸ்டிஏ என்னும் பெயரில் 10 டெராபைட் அளவுள்ள ஒரே தட்டையே காண்கிறது. இதனை மெய்நிகர் தட்டு என்பர்.

இந்த மறைப்பினால் நன்மை உண்டு. ஒரு தட்டு பழுதானாலும் இயங்குதளம் தடையின்றி இயங்கும். ஆனால் பழுதின் முன்னறிகுறிகளும் இதனுடன் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன. வன்தட்டுகளில் ஸ்மார்ட் என்னும் தன்கண்காணிப்பு வசதி உள்ளது. மாற்று இடத்திற்கு நகர்த்தப்பட்ட பழுதான பகுதிகள், படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகள் போன்றவற்றின் எண்ணிக்கையை அது பதிவு செய்கிறது. மெய்நிகர் தட்டிடம் இவ்விவரங்களைக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது.

ரெய்ட் 5 ஒரு தட்டின் இழப்பை மட்டுமே தாங்கும். ஒரு தட்டு பழுதாகிப் புதியது பொருத்தப்பட்டதும், எஞ்சிய தட்டுகள் அனைத்தும் முழுமையாகப் படிக்கப்பட்டு மீள்கட்டமைப்பு நடைபெறும். நெடுநாள் படிக்கப்படாத பகுதியில் மறைந்திருந்த பழுது அப்போது வெளிப்பட்டால், அப்பகுதியின் தரவை இழக்க நேரிடும். சில கட்டுப்படுத்திகளில் மீள்கட்டமைப்பே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு தட்டின் நிலையையும் முன்கூட்டியே அறிவது இன்றியமையாததாகும்.

அணுகும் முறைகள்

1. ஊடுருவிக் கேட்டல்: தட்டுக்கான கட்டளையைக் கட்டுப்படுத்தியின் இயக்கி மென்பொருள் வழியாக அனுப்புவது இம்முறையாகும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளிடம் கட்டுப்படுத்தியின் வகையையும் தட்டின் எண்ணையும் குறிப்பிட்டால், அது அத்தட்டின் ஸ்மார்ட் விவரங்களைப் பெற்றுத் தரும். மெகாரெய்ட், ஸ்மார்ட் அரே, 3வேர், அரேகா ஆகிய அட்டைகளுக்கு இவ்வசதி உள்ளது. மெகாரெய்ட் அட்டைகளுக்கான ஸ்டோர்சிஎல்ஐ போன்ற தயாரிப்பாளர் கருவிகளும் தட்டுகளின் நிலையைக் காட்டும். இதில் ரெய்ட் அமைப்பு மாறாது. இயங்கும் வழங்கியிலேயே செய்யலாம்.

2. ஒற்றைத் தட்டு ரெய்ட் 0: ஒவ்வொரு தட்டையும் தனியொரு ரெய்ட் 0 தொகுதியாக அமைப்பது இம்முறையாகும். தட்டுகளை நேரடியாகக் காட்டும் வசதியற்ற டெல் பெர்க் எச்700 போன்ற அட்டைகளில் இது கையாளப்படுகிறது. இயங்குதளம் தட்டுகளைத் தனித்தனியாகக் கண்டாலும், அவை மெய்நிகர் தட்டுகளே. பழுதான தட்டை மாற்றும்போது புதிய தொகுதியைக் கையால் உருவாக்க வேண்டும்.

3. நேரடி முறை: பெர்க் எச்330, எச்730 போன்ற அட்டைகளில் ரெய்ட் அல்லாத முறையைத் தெரிவு செய்யலாம். அப்போது அட்டை வெறும் இணைப்பானாகச் செயல்பட, தட்டுகள் அவற்றின் உண்மைப் பெயருடனும் தொடரெண்ணுடனும் இயங்குதளத்திற்குத் தெரியும். இம்முறை ஜேபாட் என்றும் எச்பிஏ என்றும் அழைக்கப்படுகிறது.

4. நிலைபொருளை மாற்றுதல்: அட்டையில் பதிக்கப்பட்டுள்ள மென்பொருளாகிய நிலைபொருளை நீக்கி, ரெய்ட் வசதியற்ற நிலைபொருளை ஏற்றுவது இம்முறையாகும். இது ஐடி முறை எனப்படும். எல்எஸ்ஐ சாஸ்2008 சில்லைக் கொண்ட 9211-8ஐ, ஐபிஎம் எம்1015 ஆகிய அட்டைகளில் இது பரவலாகச் செய்யப்பட்டது. மாற்றம் பாதியில் தடைப்பட்டால் அட்டை இயங்காமற் போகலாம்.

கோப்பு முறைமையும் நேரடி அணுக்கமும்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005 ஆம் ஆண்டு திறமூலமாக வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகையைச் சேமிக்கிறது. படிக்கப்பட்ட தரவு அத்தொகையுடன் பொருந்தவில்லையெனில், வேறொரு தட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு திருத்திவிடும். கட்டுப்படுத்தி ஒரே மெய்நிகர் தட்டை மட்டும் காட்டினால், இசட்எஃப்எஸ் பிழையைக் கண்டறியுமேயன்றிப் பயனர் தரவைத் திருத்த அதனிடம் மற்றொரு பிரதி இராது. இதனாலேயே இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர் நேரடி முறையை அல்லது ஐடி முறையை விரும்புகின்றனர்.

கட்டுப்படுத்தி பழுதானால்

எந்தத் தட்டு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்னும் குறிப்பைக் கட்டுப்படுத்தி தட்டுகளிலேயே எழுதி வைக்கிறது. ஆகவே அதே வகை அட்டையைப் பொருத்தினால் பெரும்பாலும் தொகுதியை மீண்டும் ஏற்கச் செய்யலாம். மெகாரெய்ட் அட்டைகள் டிடிஎஃப் என்னும் பொது வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. இதன் குறிப்பு தட்டின் இறுதியில் உள்ளதால், ரெய்ட் 1 தொகுதியின் ஒரு தட்டைச் சாதாரண இணைப்பில் பொருத்திப் படிக்க இயலும் வாய்ப்பு அதிகம். ரெய்ட் 5 தொகுதியில் தரவு பல தட்டுகளில் சிதறியிருப்பதால் ஒரு தட்டை மட்டும் கொண்டு மீட்க இயலாது. லினக்ஸ் இயங்குதளத்தின் எம்டிஅட்ம் கருவி டிடிஎஃப் வடிவத்தை அறியும். எவ்வாறாயினும், முதலில் ஒவ்வொரு தட்டையும் முழுமையாகப் படியெடுத்து, மீட்பு முயற்சிகளைப் படிகளின்மீது மட்டுமே செய்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

- மென்பொருள் காட்டும் தட்டின் எண்ணும், தட்டு செருகப்பட்டுள்ள இடத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தட்டைக் கழற்றுமுன் தொடரெண்ணை ஒப்பிட வேண்டும். ஏற்கனவே ஒரு தட்டை இழந்த ரெய்ட் 5 தொகுதியில் நல்ல தட்டொன்றைத் தவறுதலாகக் கழற்றினால் முழுத் தொகுதியும் செயலிழக்கும்.
- ரெய்ட் முறையிலிருந்து நேரடி முறைக்கு மாறும்போது இருக்கும் தரவு அழியக்கூடும்.
- ஸ்மார்ட் சோதனையில் தேர்ச்சி எனக் காட்டும் தட்டிலும் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டிருக்கலாம். முடிவை மட்டுமன்றி எண்ணிக்கையையும் தொடர்ந்து குறித்துவர வேண்டும்.
- ரெய்ட் காப்புப்பிரதிக்கு மாற்று ஆகாது. தவறுதலாக அழிக்கப்படும் கோப்பு எல்லாத் தட்டுகளிலும் ஒருசேர அழிந்துவிடும்.