இரண்டு வயதுப் பிள்ளையும் எட்டு மணி ரயிலும்

மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்களில் இன்று நேரத்திற்குத்தான் பெரும் பஞ்சம். தாராவியிலும் சயனிலும் செம்பூரிலும் முலுண்டிலும், விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, டிபன் டப்பாக்களை நிரப்பிக்கொண்டு, கணவனும் மனைவியும் எட்டு மணி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகின்றனர். அவர்கள் வீடு திரும்பும்போது விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியிருக்கும். இடைப்பட்ட பொழுதெல்லாம் இரண்டு வயதுக் குழந்தை பக்கத்து வீட்டு அம்மையாரிடமோ, காப்பகத்திலோ, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டியிடமோ வளர்கிறது. "பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்க முடியவில்லையே" என்னும் ஏக்கத்தைச் சங்கத்திற்கு வரும் இளந்தாய்மார் பலர் வாயிலாக நாம் கேட்டு வருகிறோம். அந்த ஏக்கத்தை நன்கு அறிந்துகொண்ட வியாபாரிகள் வண்ண அட்டைகளையும், மூளையை வளர்ப்பதாகச் சொல்லும் பெட்டிகளையும் விற்றுக் காசாக்குகின்றனர். அவற்றை வாங்க இயலாத பெற்றோர் தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது என்பது நம் கருத்து.

ஒன்று முதல் மூன்று வயதுவரை குழந்தை கற்பது யாது? நம் முன்னோர் இதைக் கூர்ந்து நோக்கியவர்கள். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. செங்கீரைப் பருவத்தில் குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணியில் கை கொட்டுகிறது. வருகைப் பருவத்தில் தளர்நடை நடந்து வருகிறது. அம்புலிப் பருவத்தில் நிலவைக் காட்டி விளையாட அழைக்கிறார்கள். ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பின்னைப் பருவங்கள் அமைகின்றன. கை, கால், கண், செவி, வாய் ஆகியவற்றின் பழக்கமே இப்பட்டியல் முழுவதும் நிறைந்திருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் இதில் காணோம். ஒரு பொருளை விரலால் சுட்டிக்காட்டுவதும், பிறர் சுட்டியதை நோக்குவதும் பேச்சுக்கு முன்னோடி என்று இக்காலக் குழந்தை நூலார் கூறுகின்றனர். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய பாட்டிமார் அதை நூல் படிக்காமலே செய்தனர். (மும்பையில் அடுக்குமாடிகளுக்கிடையே நிலாவைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை என்று சிலர் சொல்லக்கூடும். நிலா அகப்படாவிடில் ரயில், காகம், தண்ணீர் லாரி எதையும் காட்டலாம்.)

ஆகவே பாடத்திற்கென்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்க முயல வேண்டா. அது நடவாது, நான்கு நாட்களில் கைவிட்டு வருந்துவதே மிஞ்சும். நாம் எப்படியும் செய்தே ஆகவேண்டிய வேலைகளுக்குள் குழந்தையைச் சேர்த்துக்கொள்வதே வழி. அதிலும் அடுப்படியைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை.

குளிர்காலத்தில் சந்தையில் பச்சைப் பட்டாணி குவிந்து கிடக்கும். பாய் விரித்து உட்கார்ந்து உரிக்கும்போது குழந்தையையும் அருகில் இருத்தி நாலைந்து காய்களைக் கொடுங்கள். தோலைப் பிளக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உழைக்க வேண்டும். பின்னாளில் எழுதுகோல் பிடிப்பதும் அவ்விரு விரல்களே. மணி பாத்திரத்தில் விழும் ஓசை குழந்தைக்கு இன்பம். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நாம் சொல்லிக்கொண்டே போட்டால் எண்களின் ஓசை தானே செவியில் தங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பட்டாணி, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடியவை. அருகில் பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் இருக்க இயலாத நாளில் இவ்வேலை வேண்டா. அன்று கீரை ஆயலாம். கொத்தமல்லி இலையைக் கிள்ளலாம். பையிலிருந்து கொட்டிய உருளைக்கிழங்கை ஒரு கூடையிலும் வெங்காயத்தை மற்றொரு கூடையிலும் பிரித்துப் போடச் சொல்லலாம். பிரித்தறிதல்தானே கணக்கின் முதற்படி?

சப்பாத்தி மாவு பிசைந்தால் நெல்லிக்காயளவு மாவு குழந்தையின் பங்கு. உருட்டட்டும், தட்டட்டும், பிய்க்கட்டும். எவர்சில்வர் டம்ளர்களைக் கொடுத்தால் ஒன்றனுள் ஒன்றை நுழைத்து, பெரியது சிறியது என்பதைத் தன் கையாலேயே கண்டுகொள்ளும். சிறிய டம்ளர் பெரிய டம்ளருக்குள் போகிறது, பெரியது சிறியதற்குள் போக மறுக்கிறது. இந்தப் புதிரைப் பத்து முறை சோதித்துப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு விலையுயர்ந்த பெட்டிகள் தேவைப்படா. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து சீரகத்தையும் மல்லியையும் முகரக் காட்டிப் பெயர் சொல்லலாம். மிளகாயை மட்டும் எட்ட வையுங்கள்.

இவற்றால் வேலை தாமதமாகும், தரை அழுக்காகும் என்பதில் ஐயமில்லை. எனவே காலை வேளையில் இவற்றில் இறங்க வேண்டா; ரயில் நமக்காகக் காத்திராது. மாலையில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொண்டால் போதும். பதினைந்து நிமிடமே ஆயினும் அந்தப் பதினைந்து நிமிடமும் கைப்பேசி எட்டாத இடத்தில் இருக்கட்டும். குழந்தையிடம் ஒன்று கேட்டால் விடைக்குப் பொறுத்திருக்கவும் வேண்டும். "தக்காளி எங்கே?" என்று கேட்டுவிட்டு மறு நொடியே "இதோ" என்று நாமே காட்டிவிடுகிறோம். அந்தச் சிறு மூளைக்குத் தேட நேரம் வேண்டும். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள்; பெரும்பாலும் குழந்தை திரும்பிப் பார்த்து விரல் நீட்டிவிடும்.

அடுப்படியைப் பற்றிப் பேசியதால் இது தாய்மாருக்கு எழுதியது என்று தந்தையர் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. துவைத்த துணியை மடிப்பது, காலுறைகளுக்கு ஜோடி தேடுவது, செருப்புகளை வரிசையாக வைப்பது, மாடிப்படிகளை எண்ணி ஏறுவது ஆகியவை அவர்கள் பங்கு. குளிப்பாட்டும் வேளையும் அவ்வாறே. டம்ளரால் தண்ணீரை மொண்டு ஊற்றும் பிள்ளை நிறைதல், வழிதல், மிதத்தல், மூழ்குதல் எல்லாவற்றையும் கற்கிறது. தண்ணீர் நிறைந்த வாளியருகே குழந்தையை ஒரு கணமும் தனியே விடலாகாது. சாண் ஆழத்திலும் குழந்தை மூழ்கிவிடக்கூடும்.

இரவு ஒன்பது மணிக்கு வரும் தந்தைக்காகப் பிள்ளையை நள்ளிரவுவரை விழிக்க வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் நன்றன்று. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்பிப் பாடம் சொல்வதைவிட, காலையில் பத்து நிமிடம் மடியில் வைத்துக் கதை சொல்வது மேல். அதே கதையை நாற்பது நாள் கேட்டாலும் பிள்ளைக்குச் சலிக்காது. சலிப்பு நமக்குத்தான்.

இரண்டு வயதிலேயே பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் பரவி வருகிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை முன்பருவப் பள்ளியை 3 வயதிலும் முதல் வகுப்பை 6 வயதிலும் வைத்திருக்கிறது. வேலைக்குச் செல்லும் பெற்றோருக்குக் காப்பகம் தேவைதான். அது வேறு விஷயம். 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்து தரவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் 2017இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் வகுத்தது. கேட்டுப் பெறத் தயங்க வேண்டா. ஆனால் காப்பகத்தில் இரண்டு வயதுப் பிள்ளையை வரிசையில் உட்கார வைத்து எழுத்து எழுதச் செய்கிறார்களா, ஓடி விளையாட விடுகிறார்களா என்று நேரில் பாருங்கள். உட்கார வைத்தால் வேறிடம் தேடுவது நலம்.

மான்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோப் பகுதியில் தொடங்கிய முதற் குழந்தை இல்லத்தில் சேர்ந்தவர்கள், நம் சால்களைப் போன்ற நெருக்கமான குடியிருப்பில் வாழ்ந்த தொழிலாளரின் பிள்ளைகளே. தரை பெருக்குவதும் கை கழுவுவதும் பொத்தான் போடுவதும் அங்கே பாடங்களாயின. அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர் காரணமாகப் பல ஆண்டு இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றியதை நம் பெரியோர் அறிவர். நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணிலேயே தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் போர்டி என்னும் கடலோர ஊருக்குச் சென்று, ஆதிவாசிக் குழந்தைகளின் வீட்டு முற்றத்திலேயே பள்ளி நடத்தினார். இலையும் கல்லும் சிப்பியும் அங்கே கற்பிக்கும் கருவிகளாயின. அங்கன்வாடி என்று இன்று நாடெங்கும் வழங்கும் சொல் அம்முயற்சியில் பிறந்தது. முற்றமில்லாத நம் ஒற்றை அறை வீடுகளிலும் அது இயலாததன்று.

இனி மொழியைப் பற்றி. பார்த்துக்கொள்ளும் அம்மையார் மராத்தி பேசுகிறார், தெருவில் இந்தி, வீட்டில் தமிழ். குழந்தை குழம்பிவிடாதா என்று கேட்கின்றனர். குழம்பாது. மூன்று மொழிகளிலும் அறிந்த சொற்களைச் சேர்த்தே எண்ணவேண்டும். "பாணி" என்றும் "தண்ணீர்" என்றும் சொல்லும் பிள்ளைக்கு இரண்டு சொல் தெரியும். அதே சமயம், இரண்டு வயது நிறைந்தும் எந்த மொழியிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, அல்லது பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்றால், பல மொழிகளின் மேல் பழி போட்டுக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிச் செவியையும் சோதிக்க வேண்டும்.

மராத்தியும் இந்தியும் தெருவிலிருந்து தாமே வந்து சேரும். தமிழுக்கு வீட்டை விட்டால் வேறு வாசல் இல்லை. தொலைக்காட்சியில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுவோர், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் செய்து 2003இல் வெளியிட்ட சோதனையைக் கருத வேண்டும். ஆங்கிலம் பேசும் வீட்டின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் 12 முறை நேரில் அமர்ந்து பேசி விளையாடினர். குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. முன்னே சொன்ன 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டா, இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது, அதனினும் குறைந்தால் நலம் என்கிறது.

ஊரிலுள்ள பாட்டியோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது இவ்வகையில் சேராது. அங்கே எதிரில் ஓர் ஆள் இருந்து மறுமொழி சொல்கிறார். ஆனால் "ஆச்சிக்கு வணக்கம் சொல்லு, பாட்டுப் பாடு" என்று பிள்ளையை மேடை ஏற்றினால் அது ஓடி ஒளியும். ஆச்சியோ, அப்பத்தாவோ, அம்மாயியோ, அவரவர் ஊர் வழக்குப்படி அழைக்கப்படும் அந்த மூதாட்டி அங்கே வெண்டைக்காய் நறுக்கட்டும். இங்கே பிள்ளையின் கையிலும் ஒரு வெண்டைக்காய் இருக்கட்டும். அவர் தம் காயைக் காட்டி, "உன் காய் எங்கே கண்ணு?" என்று கேட்டால் பேச்சு தானே நடக்கும். பிள்ளை எழுந்து போய்விட்டாலும் அழைப்பைத் துண்டிக்க வேண்டா. சற்று நேரத்தில் மற்றொரு காயை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்.