நாகர்கோவில் தந்த கடற்படைத் தளபதி

குற்றால அருவிச் சத்தம் கேட்டு வளரும் மேலகரம், தென்காசிப் பிள்ளைகளுக்குக் கடல் கொஞ்சம் தூரம்தான். ஆனால் இந்தியாவின் மூன்று பக்கக் கடலையும் காத்த ஒரு தளபதி, நம் தென்கோடியில் பிறந்தவர். அட்மிரல் சுஷில் குமார். 1940-இல் நாகர்கோவிலில் பிறந்தவர்.

1961 கோவா விடுதலை, 1965, 1971 பாகிஸ்தான் மோதல்கள் என மூன்று போர்களில் பங்கேற்றார்.

1998 டிசம்பர் 30. அன்றைய தளபதி விஷ்ணு பகவத் பதவி நீக்கப்பட்ட அதே நாளில், சுஷில் குமார் பொறுப்பேற்றார்.

ஐந்தே மாதத்தில் கார்கில் போர் மூண்டது. பனிமலையில் நடந்த சண்டையில் கடற்படைக்கு என்ன வேலை? பெரிய வேலை இருந்தது! ‘ஆபரேஷன் தல்வார்’ என்ற பெயரில், கிழக்குக் கடலின் போர்க்கப்பல்களும் அரபிக்கடலுக்கு வந்து மேற்குப் படையுடன் சேர்ந்தன. கராச்சித் துறைமுகத்துக்கு வரும் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பாகிஸ்தான் கடற்படை காவல் போக வேண்டியதாயிற்று. ஒரு குண்டும் வெடிக்காமல் கடலில் கொடுத்த நெருக்கடி அது.

பரம விசிஷ்ட சேவா, உத்தம யுத்த சேவா உள்ளிட்ட பதக்கங்கள் பெற்ற அவர் 2001-இல் ஓய்வுபெற்றார். பிரதமர் வாஜ்பாய் பற்றிய நினைவுகளை நூலாக எழுதினார். 2019 நவம்பரில் காலமானார்.